முன்கதவை ஏற்றியவன்

குண்டு விழுகிறது. வலப்பக்கம், தண்ணீரில். வெள்ளிக்கிழமை, காலை ஆறு பத்து. முதலில் ஒரு சீழ்க்கை. பிறகு இரும்பை இரும்பால் அறைந்த சத்தம். மணலும் உப்புத் தண்ணீரும் முகத்தில் அடிக்கின்றன.

எங்கள் கப்பல் கரைமேல் மூக்கை ஏற்றி நிற்கிறது. தரையிறங்கு கலம். அதற்குத் துறைமுகம் வேண்டாம். முன்கதவைச் சாய்த்தால் அதுவே பாலம். அந்தக் கதவின் விசை என் கையில். நான் ஆம்பூர்க்காரன். கடற்படையில் பதினோராவது வருடம். அந்தக் கப்பலில் மூன்றாவது.

எந்த நாடு என்று எழுதமாட்டேன். அங்கே உள்நாட்டுச் சண்டை. பிழைக்கப்போன நம் ஆட்களை ஏற்றிவர அனுப்பினார்கள்.

இடுப்பளவுத் தண்ணீரில் ஓடி வருகிறார்கள். பைகளை எறிந்துவிட்டு வருகிறார்கள்.

"ஓடியாங்க! தலையக் குனிஞ்சிக்குங்க!"

என்னையறியாமல் தமிழில் கத்துகிறேன். தண்ணீரிலிருந்து ஒரு குரல்.

"அண்ணே! நாங்க வாணியம்பாடிண்ணே!"

அவர் பெயர் நசீர். அங்கே ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. மனைவி ஷபானாவையும் நாலு வயது மகளையும் கதவின்மேல் ஏற்றிவிட்டார். தான் ஏறவில்லை. பின்னால் வந்தவர்களைத் தூக்கிவிட்டபடி தண்ணீரிலேயே நின்றார்.

ஆறு பதினாலு. இரண்டாவது குண்டு. இந்தமுறை சீழ்க்கை கேட்கவில்லை. கப்பலே குதித்தது. மேலிருந்து கேப்டன் கத்தினார்.

"ரோக்கோ! ஆத்மி ஹை! ரோக்கோ!"

நிறுத்து, ஆள் இருக்கிறது. எனக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்டும் விசையைத் தள்ளினேன்.

கதவு மெதுவாகத்தான் எழும்பும். நிறுத்த நேரம் இருந்தது. விளிம்பைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றாக விட்டன. "அண்ணே! அண்ணே!" பிறகு மூன்றாவது குண்டு. கப்பல் பின்வாங்கியது.

ஷபானா மூடிய கதவைக் கையால் அறைந்துகொண்டிருந்தார். "விசை சிக்கிக்கிச்சும்மா," என்றேன். என் முதல் பொய் அது. விசாரணையில் அதையே எழுதிக்கொடுத்தேன். கப்பலின் பதிவேட்டில் பழுது என்று ஏறியது. பணிமனையில் விசையைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கேப்டன் என்னை ஒருமுறை பார்த்தார். அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

நான் நாலு வருடத்தில் கடற்படையிலிருந்து வெளியே வந்துவிட்டேன். கப்பல் மேலும் ஐந்து வருடம் ஓடியது. புயலடித்த தீவுகளுக்கு அரிசி. சிமெண்டு. ஒருமுறை முழுக்கப் பள்ளிக்கூட பெஞ்சுகள். கரை தொடுமுன் கதவை இரண்டு தடவை சோதிப்பார்களாம். பழுதுள்ள கப்பல் என்று பெயர். ஒருநாளும் அந்தக் கதவு சிக்கவில்லை. போன வருடம் கொடியை இறக்கி, உடைக்க அனுப்பினார்கள். விழாவுக்கு அழைப்பு வந்தது. போகவில்லை.

ஷபானா வாணியம்பாடியில் தையல் பிரிவில் வேலை செய்கிறார். பக்ரீத்துக்குப் பக்ரீத் எனக்குக் கறி அனுப்பினார். "உங்களாலதான் என் பொண்ணு உசுரோட இருக்கு" என்று போனில் சொல்வார். வாங்கிச் சாப்பிட்டேன். ஒன்பது வருடம் சாப்பிட்டேன்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"விசை சிக்கலம்மா. நான்தான் கதவ ஏத்தினேன். நிறுத்துன்னாங்க. காதுல வுழுந்துச்சு. பயந்துட்டேன்."

"இன்னாண்ணே சொல்றீங்க?"

திரும்பச் சொன்னேன். அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"நீங்க தமிழ்ல கத்துனதக் கேட்டுட்டுத்தான அவுரு அண்ணேன்னு கூப்டாரு," என்றார். "நம்ம ஊர் ஆளு, வுட்டுட்டுப் போமாட்டாருன்னு என்கிட்ட சொல்லிட்டுதான் கீழ நின்னாரு."

பிறகு, "போய்டுங்க" என்றார். வந்துவிட்டேன்.

கடற்படைக்கும் எழுதிவிட்டேன். இதுவரை பதில் இல்லை. இது கணக்கு.

ஏற்றி வந்தவர்கள் நூற்று நாற்பத்தொரு பேர். தண்ணீரில் விட்டவர்கள் ஒன்பது பேர். வந்து சேர்ந்த உடல் ஒன்றுமில்லை. தகப்பன் இல்லாமல் வளர்ந்த பெண் ஒருத்தி, எனக்குத் தெரிந்து. செய்யாத தவறைப் பதிவேட்டில் சுமந்தபடி உடைந்துபோன கப்பல் ஒன்று.

ஒன்பது பேரில் ஒருவர் நசீர். மற்ற எட்டுப் பேரின் பெயர் எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் நான் யாரிடமும் கேட்டதில்லை.