மேஸ்திரியின் காதில் இருந்த ஊசி

காதுக்குள் விட்டு நாலு சுற்றுச் சுற்றி, வெளியே இழுத்து, நுனியில் வந்ததைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாராம் வையாபுரி மேஸ்திரி. பார்த்துவிட்டு, லேத்தில் இரும்பு கடைந்துகொண்டு நின்ற டர்னர் நஞ்சப்பன் கையில் போட்டாராம். "கழுவிக் குடு."

நொய்யல் ஆற்றுக்கு வடக்கே கரண்டு புதுசு, லேத்தெல்லாம் கப்பலில் வந்துகொண்டிருந்த காலம். அப்படி வந்த ஒரு லேத்தின் பெட்டிக்குள் அந்தச் சாமானும் வந்ததாம். சதுரமான இரும்புக் கைப்பிடி. அதன் முனையில் ஒரு உருண்டை. உருண்டையை ஊடுருவி, எந்தப் பக்கமும் ஆடுகிற ஊசி. ஒரு பக்கம் விரற்கடை, மறுபக்கம் ஒரு சாண். என்னவென்று பட்டறையில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னால் மேஸ்திரி என்ன மேஸ்திரி? வெள்ளைக்காரன் காது குடைகிற சாமான் என்று சொல்லிவிட்டாராம். குட்டைப் பக்கம் காதுக்கு. நெட்டைப் பக்கம் முதுகுக்கு. பல்லில் பாக்கு சிக்கினாலும் அதுதான். கழுவுவது நஞ்சப்பன்.

அந்தப் பட்டறை வழக்கம், இரும்பு வட்டை, லேத்தில் சுற்றுகிற நாலு பிடிச் சக்கில் பூட்டுவது மேஸ்திரி, அறுப்பது டர்னர். பிடிகளை இறுக்குகிற சக் சாவியை டர்னர் தொடக்கூடாது. கண்ணாலேயே நடு பார்த்துப் பூட்டுவாராம் வையாபுரி. அப்படிப் பூட்டி, நஞ்சப்பன் துளை போட்ட ஒன்பது கப்பியும், துளை நடு தப்பி, ஓடும்போது நொண்டின. நஞ்சப்பன் கைதான் கோணல் என்றாராம் மேஸ்திரி. பத்தாவதும் நொண்டினால் நீ வேலைக்கு வர வேண்டாம் என்று மொதலாளியும் சொல்லிவிட்டார்.

மேஸ்திரி பூட்டிய பத்தாவது வட்டு சக்கில் இருக்கிறது. நஞ்சப்பன் மண்ணெண்ணெய் டப்பா முன்னால் குந்தியிருக்கிறான். உருண்டையின் இடுக்கில் மஞ்சள் அழுக்கு, அதன்மேல் வெற்றிலைச் சிவப்பு, அதில் ஒட்டிய நரைமயிர். மூச்சைப் பிடித்துக்கொண்டு கழிவு நூலால் தேய்த்தான். கைப்பிடியில் ஊறிக் கிடந்த பிசுக்கை அன்றைக்குத்தான் சுரண்டினானாம். அடியில் வரிசையாக மூன்று பள்ளம். போல்ட் கடித்த தடம். அவனுடைய அறுப்பு உளியிலும், லேத்தில் வைத்து இறுக்கி இறுக்கி, அதே தடம்தான்.

காது குடைகிற சாமானை எவன் போல்ட் போட்டு இறுக்குவான்?

எழுந்து போய், உளியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை மாட்டினானாம். வட்டின் நடுவில் குத்தியிருந்த புள்ளியில் குட்டை முனையை வைத்தான். வைத்ததும் உட்கார்ந்துகொண்டது.

"என்ற காதுக்குச்சிய அங்க எதுக்குடா மாட்டறே?" என்றாராம் மேஸ்திரி. பட்டறையே சிரித்தது. சிரிப்புச் சத்தத்துக்கு மொதலாளி உள்ளேயிருந்து வந்தார்.

"இது காதுல இருக்க வேண்டிய சாமான் இல்லீங்க," என்று சொல்லி, நஞ்சப்பன் சக்கைக் கையாலேயே மெதுவாகச் சுற்றினானாம். நெட்டை வால் காற்றில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டம் போட்டது. வட்டின் நடுப்புள்ளி சக்கின் நடுவில் இல்லை, பூட்டியதுதான் கோணல். அதைச் சொல்ல ஆளே வேண்டியிருக்கவில்லை.

மொதலாளி சக் சாவியை மேஸ்திரி கையிலிருந்து வாங்கி நஞ்சப்பனிடம் கொடுத்தாராம். ஒரு பிடியைத் தளர்த்தி, எதிர்ப்பிடியை இறுக்கி, சுற்றிப் பார்த்தான். வட்டம் மிளகளவு ஆனது. இன்னும் இறுக்கினான். கடுகளவு. இன்னும் ஒரு இழை. வால் நின்றுவிட்டது. சக் சுற்றுகிறது, வால் அசையவில்லை. பத்தாவது கப்பி நொண்டாமல் ஓடியதாம்.

"இத்தன நாளா இதைய எங்க வெச்சிருந்தீங்க, வையாபுரி?" என்று மட்டும் கேட்டாராம் மொதலாளி.

மறுநாள் மேஸ்திரி அதைக் கழுவிக்கொண்டு வந்து நீட்டியபோது நஞ்சப்பன் கை நீட்டவில்லை. "மோந்து பாத்துட்டுக் குடுங்க," என்றானாம். மேஸ்திரி மோந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

அதனால்தான் அந்தப் பட்டறை இருந்த வீதி முழுக்க இன்றைக்கும் அதற்குக் காதுக்குச்சி என்றே பேர். கொடுக்கிறவன் மண்ணெண்ணெயில் முக்கி, துடைத்து, மூக்கருகே கொண்டுபோய்விட்டுத்தான் கொடுப்பான். கம்பெனிக் கவர் பிரிக்காத புதுசானாலும் அப்படித்தான்.

வால் நின்ற அன்றைக்கு நஞ்சப்பன் வீட்டுக்குப் போய், சீயக்காய் போட்டு மூன்று முறை கை கழுவினானாம். தட்டின் முன்னால் உட்கார்ந்தான். பெண்சாதி சோறு போட்டு ரசம் ஊற்றினாள். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது கையால் பிசைந்து உண்டான்.