தாளில் அடங்காத தடிமன்

என் அறிக்கையின் அறுபது பக்கத்தையும் படித்துவிட்டதாக அன்போடு பொய் சொன்ன சங்கத் தலைவர் அவர்களே! மரப்பலகைத் தொழிலை மூச்சாகக் கொண்ட பெரியோர்களே! பலகை தூக்கித் தூக்கித் தோள் உரமேறிய தாய்மார்களே! "இந்தப் பொண்ணு சீக்கிரம் முடிக்குமா?" என்று கடைசி வரிசையில் கேட்கும் அண்ணன்மார்களே! முடித்துவிடுகிறேன். அனைவருக்கும் வணக்கம்.

நம் நாட்டின் ஒட்டுப்பலகை ஏற்றுமதியையும் அண்டை நாட்டின் ஏற்றுமதியையும் இருபது ஆண்டுகளுக்கு ஒப்பிட்டேன் என்று இன்று எனக்குப் பரிசு தருகிறீர்கள். நான் கண்டது என்ன? அவர்களுடையது நான்கு மடங்கு ஆனது என்றேன். சிவப்புக் கோடு வரைந்தேன், மலையேறியது. நமக்கு நீலக் கோடு வரைந்தேன். பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. எப்பேர்ப்பட்ட படம்! அதைப் பார்த்துப் பயந்துதானே நம் கூட்டு ஆலையின் இரண்டாவது அழுத்த இயந்திரத்தை விற்றுவிட இன்று தீர்மானம் கொண்டுவந்திருக்கிறீர்கள்?

அந்த இயந்திரத்தை நம்பி அறுபது பேர். அவர்களில் ஒருவர் என் அண்ணி.

போன ஞாயிறு அண்ணி என் படத்தை எடுத்து நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார்.

"ஏம்மா மேதை, இதுல தடிமன் எங்க?"

"எல்லாத்துக்கும் பதினெட்டு மில்லிமீட்டர் போட்டிருக்கேன் அண்ணி."

"அவங்க பலகைய என்னைக்காவது தொட்டுப் பார்த்திருக்கியா? இப்பல்லாம் நாலரை மில்லிதான் வருது. அலமாரி முதுகுக்கு அடிக்கிறது. நீ பலமா தும்முனாலே பறந்துடும்!"

சிரியுங்கள், சிரியுங்கள். நான் அன்று சிரிக்கவில்லை.

நாம் ஏற்றுமதியைக் கன மீட்டரில் எழுதுகிறோம். அவர்கள் சதுர மீட்டரில் எழுதுகிறார்கள். பரப்பைக் கன அளவாக்கத் தடிமன் வேண்டும். அது மூல அட்டவணையில் இல்லையா? இருந்தது! ஆண்டுவாரியாக, அழகாக இருந்தது. அச்சடித்தால் தாளின் அகலத்தில் அடங்கவில்லை என்று கணினியில் அந்த நெடுவரிசையை மறைத்து வைத்த மகராசி நான்தான். பக்கம் பார்த்தேன், படம் பார்த்தேன், பலகையைப் பார்த்தேனா?

மறுநாள் திறந்து பார்த்தேன். பரப்பு நான்கு மடங்காகியிருக்கிறது. தடிமன் நான்கில் ஒரு பங்காகியிருக்கிறது. நான் வரைந்த மலை எங்கே? அவர்களும் நம்மைப் போலவே பாய் விரித்துத்தான் படுத்திருக்கிறார்கள்!

என்ன ஐயா? "அப்ப பரிசைத் திருப்பிக் குடுப்பியா?" என்கிறீர்களா? இதோ, மேசை மேல் வைத்துவிட்டேன். கண்ணாடிப் பெட்டியும் சேர்த்துத்தான்.

"அண்ணிக்காகப் பேசுது" என்றும் ஒரு குரல் வருகிறது. ஆமாம், அண்ணிக்காகத்தான். கணக்கு அவருடையது, தப்பு என்னுடையது. அவர் செய்யாத தப்புக்கு அவர் வேலை போகலாமா? கனமான பலகையை அவர்கள் கைவிட்ட காலத்திலும் விடாமல் செய்தவர்கள் அந்த அறுபது பேர். நாம் வென்றுவிட்டோம் என்று சொல்ல வரவில்லை. தோற்கவில்லை என்று சொல்கிறேன். தோற்காதவர்கள் இயந்திரத்தை விற்பார்களா? தொழிலாளியை அனுப்புவார்களா? என் ஒரு கோட்டை நம்பி அறுபது வீட்டின் அடுப்பை அணைப்பார்களா?

தீர்மானத்தை நிறுத்துங்கள். திருத்திய அறிக்கை தருகிறேன். தாள் எவ்வளவு அகலமானாலும் சரி.

தலைவர் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடுகிறார். ஐயா, உங்களுக்கு நன்றி. பொறுத்துக் கேட்ட அவைக்கு நன்றி. மூன்றாம் வரிசையில் முந்தானையால் வாயை மூடிச் சிரிக்கும் என் அண்ணிக்குத் தனி வணக்கம்!