பூ நாற்று இறங்கிய ஊர்

சித்தேரியிலிருந்து தருமபுரிக்கு இறங்கும் பேருந்தில், முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

"அவங்க சாப்பிடாம போனதுலதான் எல்லாம் கெட்டுது" என்றார் மூத்தவர்.

"ஆரு அக்கா?"

"கூட்டம் போட்ட ஆபீசருங்கதான். சாமைய விட்டுட்டுப் பூ போடுங்க, வெளிநாட்டுக்குப் போவும், நாடு முன்னேறும்னு படம் காட்டுனாங்க. கடைசில, சந்தேகம் இருக்கான்னு கேட்டாங்க."

"மழையில ரோடு போயிட்டா பூவ எப்படி எறக்கறதுன்னு கேக்கலீங்களா?"

"ஊருக்கு வந்தவங்க ஒருவாய் திங்கறதுக்கு முன்னால கேள்வி கேப்பமா? சோறாக்கி வச்சிருந்தோம். தின்னதும் கேக்கலாம்னு கம்முனு இருந்தோம். எல்லாருக்கும் சம்மதம்னு எழுதிக்கிட்டு ஜீப் ஏறிட்டாங்க."

"இப்ப?"

"நேத்து நாத்து வந்து எறங்கிருச்சு. சாமைக் காட்டை ஏர் ஓட்டிட்டோம்."

வெளியே மழை பிடித்திருந்தது. இருவரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.