செக்கடிச் சாக்குகள்

திண்டிவனம்,
12-8-1943

இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களுக்கு,

யுத்தத்தால் வெல்டிங் கேஸுக்கான கார்பைடு வரவில்லை. மூன்று நாளாகப் பட்டறையில் வேலை இல்லாததால் இதை எழுத நேரம் கிடைத்தது.

போன மாதம் எங்கள் பட்டறைக்கு வந்த, கரியில் ஓடும் விழுப்புரம் பஸ்ஸுக்குள் பூமாலை எரிந்து செத்ததற்கு வெல்டரின் அஜாக்கிரதை காரணம் என்று எழுதியிருக்கிறார்கள். அது சரியில்லை. பதினோரு வருஷமாகக் கேஸ் வெல்டிங் செய்கிறேன். என் கை தவறி ஒரு பஸ் சீட்டுகூடக் கருகியதில்லை.

வெளியிலிருந்து பஸ்ஸுக்குத் தகடு ஒட்டும்போது பொறி உள்ளே தெறிக்கும். சீட்டுக்குள் இருப்பது தேங்காய் நார். ஆகவே ஈரச் சாக்கு போட்டு மூடுவோம். ஒருவன் வாளித் தண்ணீரோடு உள்ளே உட்காருவான். புகைந்தால் தகட்டில் தட்டுவான், நான் நிறுத்த வேண்டும். அந்த வேலை பூமாலையுடையது. வேர்க்கடலை ஆட்டும் மல்லாட்டைச் செக்கடியில் கிடக்கும் சாக்கை மட்டும் எடுக்கக் கூடாது. எண்ணெய் ஊறியது, மேலுக்கு நனைந்த மாதிரி தெரியும், ஆனால் பற்றிக்கொள்ளும்.

பூமாலை கெட்டவன் அல்ல. என் தங்கை இருதயமேரியைக் கலியாணம் செய்து கண்டாச்சிபுரத்துக்குக் கூட்டிப்போகக் கேட்டான். அம்மா போனபிறகு அவளை வளர்த்தவன் நான். முன்னால் கேட்டு வந்த நான்கு பேரையும் அவளுக்குத் தெரியாமலே திருப்பி அனுப்பியிருக்கிறேன். இந்த முறை அவளே புடவைகளை மடித்து வைத்துவிட்டாள்.

"ஞாயித்துக்கிழம போறேண்ணே."

"போய்ட்டு வர்றேன்னு சொல்லு."

"வரமாட்டேண்ணே. போறேன்."

சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். செக்கடியிலிருந்து ஆறு சாக்கு கொண்டுவந்து நனைத்து விரித்தேன்.

"இன்னா அண்ணே, மல்லாட்டை எண்ணெய் வாசன அடிக்குது?" என்றான் பூமாலை.

"பசிச்சா உனக்கு எல்லாம் அப்படித்தான் அடிக்கும். ஜல்தி உள்ள போய்க் குந்து."

"மச்சான் சொன்னா கேட்டுக்கினுதானே ஆவணும்" என்று சிரித்துக்கொண்டே ஏறினான்.

ஒட்டும்போது தகடு அசையாமலிருக்கக் கதவைக் கம்பியால் வெளியே கட்டுவது வழக்கம். அன்றும் கட்டினேன். ஜன்னல்களில் குறுக்குக் கம்பி உண்டு.

முதல் தட்டே எனக்கு நன்றாகக் கேட்டது. ஒரு வாளித் தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு அண்ணே என்றான். நான் கை எடுக்காமல் ஓரம் முழுவதையும் ஒட்டி முடித்தேன். உள்ளே சத்தம் ஓய்ந்தபிறகுதான் கம்பியை அவிழ்த்து ஆட்களைக் கூவினேன். அந்த ஒட்டைத் தாங்கள் இப்போதும் பார்க்கலாம். ஒரே சீராக இருக்கும்.

ஆகவே அஜாக்கிரதை என்பதை அடித்துவிட்டுக் கொலை என்று எழுதிக்கொள்ளவும். நான் பட்டறையிலேயே இருப்பேன்.

இருதயமேரி நினைப்புதான் எனக்கு. பூமாலை செத்ததிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. நான் ஜெயிலுக்குப் போனால் யாராவது வந்து பெண் கேட்பார்கள். அதனால் அவளை வீட்டுக்குள் விட்டு வெளியே பூட்டியிருக்கிறேன். குடத்தில் தண்ணீரும் பானையில் கேப்பைக் கூழும் இருக்கின்றன. சாவியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தாங்கள் பெரிய மனிதர், பத்திரமாக வைத்துக்கொள்ளவும். அவளிடம் மட்டும் கொடுத்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
சவுரிராயன்