சிரிப்பு வேண்டாம்

கம்பத்திலிருந்து தேனிக்குப் போகிற பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இறந்துபோன கணவரின் பெரிய படத்தை மடியில் வைத்திருந்தவர் சொன்னார்:

"இந்தச் சிரிப்ப எடுத்துவிடச் சொல்லத்தான் ஸ்டூடியோவுக்குப் போறேன்."

"ஏங்க்கா, மாமா சிரிச்ச மொகமா நல்லாத்தான இருக்காக?"

"அது ஸ்டூடியோக்காரன் கம்ப்யூட்டர்ல வச்ச சிரிப்புடி. மழையில திராட்சை பூராம் வெடிச்சுப் போச்சுல்ல, அப்ப நிவாரண மனுவுல ஒட்ட எடுத்த போட்டோவத்தான் பெருசாக்கக் குடுத்தேன்."

"சாமி கும்புடுற படத்துக்கு அந்த வாடிப்போன மொகம் எதுக்குக்கா?"

சின்னமனூர் தாண்டியதும் அவர் படத்தைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு சொன்னார்:

"என்னன்னு கேட்டா ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னே என்கிட்ட சொல்லிட்டுப் போயிட்டாக. அந்தப் போட்டோவுலதான் எல்லாத்தையும் சொல்லிருக்காக. எடுக்கயில பக்கத்துலதான் நின்னேன். தலையச் சீவிவிட்டதும் நான்தான். மொகத்தப் பாக்கல."