முப்பத்தாறு என்றொரு படம்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அவைத் தலைவர், எங்கள் கேமரா கிளப்பின் தலைவி, கிளாடிஸ் அக்கா அவர்களே! கடலின் குணத்தையும் காற்றின் கோபத்தையும் கண்ணாலேயே கணித்துவிடும் திரேஸ்புரத்துப் பெரியோர்களே! உழைத்துச் சிவந்த கைகளோடும் உள்ளம் நிறைந்த சிரிப்போடும் வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே! தோளில் கேமராவும் விழியில் கனவும் சுமந்து திரியும் என் கிளப் தோழர்களே! 'இந்த ஆள் எப்போது முடிப்பார்' என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் மைக் செட் மாசானம் அண்ணாச்சி அவர்களே! அத்தனை பேருக்கும் என் அன்பு வணக்கம்.

என் பெயர் முத்துக்குமரன். வீடு மில்லர்புரம். துறைமுகத்தில் எலெக்ட்ரீசியன். ஆறு நாள் நான் தொழிலாளி; ஞாயிற்றுக்கிழமை மட்டும் கலைஞன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், என் மனைவி பொன்செல்வியும் இப்படித்தான் சிரிப்பாள்.

எங்கள் கிளப்பின் ஆண்டுக் கண்காட்சியைத் திறக்கும் இந்த மாலையில், பெருமை பேசத்தான் என்னை மேடையேற்றினார்கள். நான் பிழை பேச வந்திருக்கிறேன். என் பிழை. நானே செய்த பிழை.

ஒன்பது ஆண்டுகள், உறவுகளே! ஒன்பது ஆண்டுகள் இந்தக் கிளப்பின் ஒவ்வொரு போட்டிக்கும் படம் அனுப்பினேன். மழை என்றால் மழை, மரம் என்றால் மரம், பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையில் படமெடுக்கும் போட்டி என்றால் பொழுது விடியுமுன் பைக்கில் நான். கிடைத்தது என்ன? ஆறுதல் பரிசு. அடுத்த ஆண்டு? ஆறுதல் பரிசு. அதற்கடுத்த ஆண்டு ஆறுதலும் இல்லை! முதல் பரிசுக் கோப்பையை அடுத்தவர் வாங்கும்போது கைதட்டிக் கைதட்டி என் கை காய்த்துப் போயிருந்தது. அந்த ஏக்கம் ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் தெரியுமா?

என்னைத் திரேஸ்புரம் கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்தியது. போன ஆண்டு மே மாதம், ஒரு காலை நேரம். கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் மேல் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தார். கன்னம் வழியக் கண்ணீர். பின்னால் கடல். பக்கத்தில் எவருமில்லை. என் நெஞ்சு படபடத்தது. அவருக்காகவா? இல்லை, ஐயா. கோப்பைக்காக. அறுபதடி தூரத்தில், ஒரு வலைக்குவியலுக்குப் பின்னால் மண்டியிட்டு, நீள லென்ஸைப் பொருத்தி எடுத்தேன். எடுத்துவிட்டு வந்துவிட்டேன். 'என்ன ஆச்சு, தாயே?' என்று ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கிறேன். அந்தப் பெண்ணின் மடியில், கைக்குள், ஒரு செல்போன். திரை வெளிச்சம் பளபளக்கிறது. 'அடடா, படத்தைக் கெடுத்துவிட்டதே!' என்று தோன்றியது. மடியோடு சேர்த்து அந்தப் போனை வெட்டினேன். வண்ணத்தை உறிஞ்சிக் கறுப்பு வெள்ளையாக்கினேன். பிறகு ஒரு பெயர் வைத்தேன். 'திரும்பாத படகு.'

வந்தது முதல் பரிசு! வெளியூரிலிருந்து வந்த நடுவர் கால்மணி நேரம் அந்த ஒரு படத்தைப் பற்றியே உருகினார். 'கடலோரத்துப் பெண்களின் காலகாலமான கண்ணீர்' என்றார். மாநிலப் போட்டிக்கும் அதையே தேர்ந்தெடுத்தார்கள். பொன்செல்வி கோப்பையை டிவிக்கு மேல் வைத்தாள். நான் படத்தை வாட்ஸ்அப்பில் விட்டேன். அது கைமாறிக் கைமாறி, மூன்றாம் நாள் காலை திரேஸ்புரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பெண்ணின் பெயர் விஜிலா. அவர் கணவர் அம்புரோஸ் அன்று கடலுக்குப் போயிருந்தார். படத்தைப் பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? திரும்பாத படகு! தெருவே திரண்டு அந்த வீட்டு வாசலில் வந்து நின்றது. 'அம்புரோசுக்கு என்ன ஆச்சு?' என்று கேட்கிறார்கள். அம்புரோசின் தாய் வாசலிலேயே விழுந்துவிட்டார். விஜிலா போன் போடுகிறார்; கடலுக்குள் சிக்னல் இல்லை. ஓடுகிறார் கரைக்கு. இரண்டு மணி நேரம், அவையோரே! இரண்டு மணி நேரம் ஒரு மனைவி கடலைப் பார்த்து நின்றார். அன்றுதான் அவர் உண்மையாகவே என் படத்தில் இருந்த பெண்ணானார். அப்படி ஆக்கியவன் நான்.

படகு வந்தது. எந்தக் குறையும் இல்லாமல், எதுவுமே தெரியாமல், மீன் கூடையோடு இறங்கினார் அம்புரோஸ்.

அன்று மாலையே இருவரும் எங்கள் கண்காட்சிக்கு வந்தார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு படத்துக்கு முன்னால் போய் நின்றார் விஜிலா. 'இத எடுத்தது யாரு?' என்றார். நான் கையை உயர்த்தினேன். பாராட்டத்தான் போகிறார் என்று நினைத்த பாவி!

கணவரின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். 'இந்தா நிக்காரு பாருங்க, ஒங்க திரும்பாத படகு! நல்லாப் பாத்துக்கிடுங்க. காலையில கருவாட்டுக் கொழம்பும் சோறும் தின்னுட்டுப் போன மனுசன்.'

நான் தடுமாறினேன். 'இல்லம்மா, நீங்க அழுதிய… அதான்…'

'அழுதேன். இல்லன்னு சொல்லல. எதுக்கு அழுதேன்னு கேட்டியளா? பத்தாங் கிளாஸ் பரிச்ச பாஸாயிட்டேன்னு அழுதேன். நாப்பத்தொரு வயசுல, மூணாவது தடவ எழுதி, கணக்குல முப்பத்தாறு மார்க்கு. ரிசல்ட்டு போன்ல வந்துச்சு. வீட்டுல அழுதா பிள்ளைய கேலி பண்ணுமேன்னு கரைக்கு வந்து அழுதேன். எங்கனயோ தள்ளி நின்னு குறி பாத்தியள்லா, நாலு எட்டு நடந்து வந்து கேட்டிருந்தா, ஒங்களுக்கும் ஒரு மிட்டாய் தந்திருப்பேனே!'

கிளாடிஸ் அக்கா எழுந்தார். 'முத்துக்குமரன், வெட்டாத படம் இருக்கா? கொண்டா' என்றார். மடிக்கணினியில் திறந்தேன். திரையில் தெரிந்தது கண்ணீர் முகம். அதன் கீழே, ஒளிவீசும் அந்தப் போன். முழுப்படத்தைப் பார்த்த பிறகு அந்த முகத்தில் துக்கத்தைத் தேடினேன், ஓரிடத்திலும் இல்லை. உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு தொடங்கிக்கொண்டிருந்தது. அது முன்பும் அங்கேதான் இருந்திருக்கிறது! ஒன்பது ஆண்டுகள் ஒளியைப் படித்தவனுக்கு அது தெரியவில்லையே!

படத்தைச் சுவரிலிருந்து நானே இறக்கினேன். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தேன். மாநிலப் போட்டிக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். உடனே உள்ளம் தெளிந்துவிட்டது என்று சொன்னால் பொய். மூன்று நாள் புழுங்கினேன். 'நல்ல படம்தானே, பெயரை மாற்றினால் போதாதா?' என்று பொன்செல்வியிடம் பொருமினேன். அவள் சொன்னாள்: 'என்னய யாராச்சும் இப்படி எடுத்து, எம்புருசன் செத்துட்டார்னு ஊருக்குக் காட்டியிருந்தா, அப்பவும் இதையே சொல்லுவியளா?' அவ்வளவுதான். கேமராவை வீட்டில் வைத்துவிட்டுத் திரேஸ்புரம் போனேன்.

அம்புரோசின் தாய் நெடுநேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு சொன்னார்: 'எம்மவன் மூச்ச ரெண்டு மணி நேரம் நிப்பாட்டிட்டியேப்பா.' நான் குனிந்து அவர் காலைத் தொட்டேன். 'சரி, எந்திரி. காப்பியக் குடி. ஆறிப் போவுது' என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அந்தக் காப்பியைத்தான் தாங்க முடியவில்லை.

'என்ன செய்யணும், சொல்லுங்கம்மா' என்று விஜிலாவிடம் கேட்டேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. 'அந்தப் படத்த வெட்டாம, கலர்ல, பெருசாப் போட்டுத் தாங்க. பேரு நான் வைக்கேன்.' வைத்தார். என்ன பெயர் தெரியுமா? 'முப்பத்தாறு'!

கைதட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! அது அவருக்கு.

அந்த மாதமே கிளப் கூட்டத்தில் கிளாடிஸ் அக்கா ஒரு விதி கொண்டுவந்தார். மனித முகம் உள்ள படம் போட்டிக்கு வருமுன், அந்த மனிதரிடம் காட்ட வேண்டும்; அவர் சம்மதிக்க வேண்டும்; பெயரை அவரே வைக்க வேண்டும். எத்தனை எதிர்ப்பு! 'கலை செத்துப் போகும்' என்றார்கள். இரண்டு பேர் கிளப்பை விட்டே போனார்கள். உண்மைதான், இருநூறு படம் வந்த போட்டிக்கு இந்த ஆண்டு வந்தவை நாற்பத்தொன்று. ஆனால் அந்தப் பெயர்களைக் கேளுங்கள்! உப்பளத்தில் வெயிலில் நிற்கும் ஒரு சகோதரியின் படம். நாங்களாக இருந்தால் 'வியர்வை' என்று வைத்திருப்போம். அவர் வைத்த பெயர், 'நாளைக்கு மக கல்யாணம்.' துறைமுகத்தில் மூட்டை தூக்கும் சுடலைக்கண்ணு அண்ணன் வாய் நிறையச் சிரிக்கும் படத்துக்குப் பெயர், 'புதுப் பல்லு.' அண்ணே, எழுந்து காட்டுங்க! ஆகா!

கேட்டால் கலை சாகுமா, தோழர்களே? கேட்டால் பழக்கம் பிறக்கிறது. பழகினால் பாசம் பிறக்கிறது. பாசத்தோடு பார்க்கும் கண்ணுக்குத்தான் முகம் தன்னைத் திறந்து காட்டுகிறது! அருகே போக அஞ்சியவனுக்கு எந்த லென்ஸும் எட்டாது. நாலு எட்டு நடந்தால் போதும். நாற்பது ஆண்டு வாழ்க்கை நம்மிடம் பேசும்!

ஒன்று சொல்லிவிட வேண்டும். விஜிலாவின் சம்மதத்தோடு 'முப்பத்தாறு' இந்த ஆண்டுப் போட்டியில் கலந்துகொண்டது. பரிசு இல்லை. ஆறுதல் பரிசும் இல்லை! 'போன் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது' என்று நடுவர் எழுதியிருக்கிறார். குத்தட்டும், ஐயா. குத்தத்தான் வேண்டும்.

என் பேச்சைப் பொறுத்துக்கொண்ட தலைவிக்கும், என்னையே பொறுத்துக்கொண்ட திரேஸ்புரத்துக்கும், கரங்கூப்பி நன்றி சொல்கிறேன். பக்கத்து அறையில் நாற்பத்தொரு படங்கள் காத்திருக்கின்றன. ரிப்பனை வெட்ட விஜிலா அவர்களை அழைக்கிறேன். வாருங்கள், தாயே. படத்தில் இருப்பவர்கள் முதலில் உள்ளே போங்கள். படம் எடுத்த நாங்கள் பின்னால் வருகிறோம்.

வணக்கம்!