கோபமா, ஆத்திரமா

“ஹலோ... ஹலோ, மச்சானா? உங்கக்கா வந்து சேந்தாச்சா?... சேந்தாச்சு. சரி, சரி. பெட்டியோடயா, பையோடயா?... பைதானா. சும்மா கேட்டேன்.”

கடிகாரம் பழுதுபார்ப்பவர் ரிசீவரை வலக்காதிலிருந்து இடக்காதுக்கு மாற்றினார். வீட்டின் முன்னறைதான் கடை. பழுதுக்கு வந்த பதினான்கு கடிகாரங்கள் பதினான்கு நேரம் காட்டியபடி சுவரில் நின்றிருந்தன. பதினைந்தாவது, அவர் மனைவியின் அலாரக் கடிகாரம், மேசையில் வயிறு பிளந்து கிடந்தது.

“ஆத்திரத்துல இருக்காளா? மச்சான், நீ வக்கீல் குமாஸ்தா. நோட்டீஸ்ல ஒரு வார்த்தை மாறினா கேஸே மாறிடும்னு நீதான் சொல்லுவே. நல்லாப் பாத்துச் சொல்லு. ஆத்திரமா, கோபமா?... ரெண்டும் ஒண்ணா? எந்தக் கோர்ட்டுல?

“கோபம் அலாரம் மாதிரி. கத்தும், வீட்டையே எழுப்பும், தானா அடங்கும். ஆத்திரம் சாவி குடுத்த ஸ்பிரிங். சத்தமே வராது, உள்ள சுருண்டு உக்காந்து நாள்பூரா ஓட்டும்... கதை இல்லப்பா, என் கஸ்டமர்ங்க. ஒருத்தர் கோபத்துல வாட்சைக் கழட்டிக் கிணத்துல எறிஞ்சார். எறிஞ்ச கையோட தானும் குதிச்சார். வாட்ச் கரெக்டா ஓடுச்சு, மனுஷனுக்குத்தான் ஜலதோஷம். இன்னொருத்தருக்கு ஆத்திரம். வாட்சைத் தொடச்சு, கைக்குட்டையில சுத்தி, ரோட் ரோலர் வர்ற வழியில வெச்சார். ரோலர் வர ஒண்ணரை மணி நேரம். அசையாம நின்னார்... ஒண்ணரைன்னு எப்படித் தெரியுமா? நடுநடுவுல கைக்குட்டையப் பிரிச்சு அந்த வாட்ச்லதான் மணி பாத்தாராம்.

“...ஆமா. ஆமாப்பா, தப்பு என்னுதுதான். கஸ்டமர் அவசரம்னு நின்னார், பல்சக்கரம் ஒண்ணு கிடைக்கல, உங்கக்கா அலாரத்துல இருந்து கழட்டிப் போட்டேன். வீட்டுச் சாமான்தானே, மெதுவா மாத்திக்கலாம்னு மூடி வெச்சேன். சொல்ல மறந்துட்டேன். அவ அதுல நாலரைக்கு அலாரம் வெச்சுட்டுப் படுத்திருக்கா. மணியடிக்கிற சக்கரமே உள்ள இல்ல, எது அடிக்கும்?... தெரியும், ரயில் போயிடுச்சு. மக பட்டம் வாங்குறதைப் பாக்க முடியல. நானும்தானே பாக்கல?... சரி, சரி, கத்தாதே.”

அவர் குரல் இறங்கியது.

“முப்பத்தொரு வருஷத்துல அவ பையைத் தூக்கினது இதான் முதல் தடவை, மச்சான். கோபம்னா வந்துடுவா. ஆத்திரம்னா... அதான் கேக்குறேன்.”

பேசிக்கொண்டே மேசை இழுப்பறையைத் துழாவிய கை சட்டென்று நின்றது.

“மச்சான்! என் லென்ஸைக் காணோம்! கண்ணுல மாட்டிக்கிட்டு வேலை பாக்குறது, கறுப்பா, குட்டியா. உங்கக்கா பையில பாரு... நீ பாரு, நான் லைன்லயே இருக்கேன்... இருக்கா! இரு, இரு. அவ மூக்குக்கண்ணாடி அங்க இருக்கா?... இல்லையே, இங்க ஜன்னல்லதான் கிடக்கு. பிரஷர் மாத்திரை?... அதுவும் இங்கதான்! கோபம் மச்சான்! சுத்தமான கோபம்! திரும்பி வராதவங்க தனக்கு வேணுங்கிறதை எடுத்துட்டுப் போவாங்க. இவ எனக்கு வேணுங்கிறதை எடுத்துட்டுப் போயிருக்கா!... ஹலோ? யாரு?”

அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார், எதிரில் ஆளே வந்துவிட்ட மாதிரி.

“ம்... ம்... பக்கத்துலயேதான் இருந்தியா?... ஆமா... ஆமா, மடையன்தான்... ஆமா, அதுவும்தான்... அலாரத்தை அடிக்க வெச்சாத்தான் வருவியா? வெச்சிடுறேன். ஆனா லென்ஸ் உன்கிட்டல்ல இருக்கு?... ஐயோ, குடுத்தனுப்பாத, தொலைச்சிடுவாங்க. நீயே... இன்னிக்கேவா? ஆறு மணிக்கு இங்க வர்ற பஸ்ஸா? பஸ் ஸ்டாண்டுலயே நிக்கிறேன்... நானா, லேட்டா?... அதே பஸ்ல திரும்பிடுவியா? அது கோபமா, ஆத்... இல்ல, இல்ல, ஒண்ணும் கேக்கல!”

அவர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். பதினான்கு கடிகாரங்களும் அவரைப் பார்த்தன.

“ஏம்மா, வெச்சிடாத... ஒரே ஒரு விஷயம். திட்டாமச் சொல்லு... இப்ப மணி என்ன?... ஹலோ? ஹலோ?”